உதடு முன்னே, ஓசை பின்னே



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இம்முறை பேனாவைவிட அதிகமாக அவர்கள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். கைப்பேசிதான் அது. "வாத்தியார் திட்ட ஆரம்பித்துவிட்டார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று திட்டப் போவதில்லை. கைப்பேசியில் நாம் பிடித்து வைக்கும் காணொளி, கணினியில் ஏற்றித் தொகுக்கும்போது கெட்டுப்போனதுபோல் தோன்றுகிறதே, அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, முன்பு என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தன் தகப்பனாரோடு வீட்டுக்கு வந்தான். இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறான். கையில் மடிக்கணினி இருந்தது. முகத்தில் களையே இல்லை.

அவனுடைய தாத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் பால்மரம் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குலை அறுத்து, உழைத்தே காலம் கழித்தவர். 82-ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்திய தீபாவளியன்று, பேரன் அவரை அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உங்க கதையச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டு, 40 நிமிடம் கைப்பேசியில் படம்பிடித்திருக்கிறான். விடியற்காலைப் பெரட்டு, முதன்முதலாகக் கத்தி பிடித்த நாள், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்காக அவருடைய தகப்பனார் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தது, 1971-ஆம் ஆண்டு வெள்ளம் லயத்துக்குள் புகுந்தது எல்லாவற்றையும் பெரியவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் கதை வேறு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அவருடைய முதலாண்டுத் திதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சுங்கை பட்டாணியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் வருவார்கள். அவர்களுக்குத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டலாம் என்று பையன், தான் எடுத்ததையும் அத்தை வீட்டார் எடுத்த சிறு துண்டுகளையும் சேர்த்துத் தொகுக்க உட்கார்ந்தான். மூன்று தொல்லைகள் முளைத்தன. தாத்தாவின் உதடு ஒரு நேரத்தில் அசைகிறது, குரல் வேறொரு நேரத்தில் வருகிறது. அத்தையின் துண்டுகளில் ஓசை மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது. வேறொரு துண்டில் தாத்தா சுவரோடு சாய்ந்து படுத்துக்கொண்டு பேசுகிறார்!

பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அவரு பேசற மாதிரி இல்லய்யா. உள்ளேருந்து வேற யாரோ பேசறாப்புல இருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விட்டாராம்.

தகப்பனார் என்னிடம் சொன்னார்: "போன்லயும் எடம் இல்ல சார். அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, அங்க அழிச்சிடுடான்னு காலையிலயே சொன்னேன். இவந்தான் சாரப் பாத்துட்டு அழிக்கலாம்னான்."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. அன்று காலையில் அந்தப் பையன் தகப்பன் சொல்லைத் தட்டாமல் கேட்டிருந்தால், கைப்பேசியில் இருந்த அசலே போயிருக்கும். ஆகவே என் முதல் பாடம் இதுதான்: குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை அசலை அழிக்காதீர்கள். கண்டுபிடித்த பிறகும் அழிக்காதீர்கள்.

குறை எங்கே என்று காண்பது எப்படி? பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. நிறுவைக்கு வந்த பால் திரிந்திருந்தால் உடனே மரத்தையா குற்றம் சொல்வோம்? மங்கு அழுக்கா, வாளி அழுக்கா, வழியில் மழைத் தண்ணீர் கலந்ததா என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம் அல்லவா? காணொளிக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் மரம் நல்ல மரம். பிறகு கணினிக்கு வந்த பிரதியை வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் ஓடவிடுங்கள். அதிலும் சரியாக இருந்தால் வாளியும் சுத்தம். இவ்விரண்டையும் தாண்டித் தொகுப்பு மென்பொருளில் மட்டும் கோளாறு தெரிந்தால், காணொளி கெடவில்லை, அந்த மென்பொருளுக்கு அதைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று பொருள்.

நாங்கள் மூவரும் அப்படியே பார்த்தோம். கைப்பேசியில் பெரியவரின் உதடும் குரலும் சேர்ந்தே இருந்தன. வி.எல்.சி.யிலும் அப்படியே. தகப்பனார் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடியது.

இனி ஒவ்வொரு தொல்லையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உதடும் ஓசையும் பிரிவது. இதில் இரண்டு வகை உண்டு. தொடக்கத்திலிருந்து முடிவுவரை இடைவெளி ஒரே அளவாக இருந்தால், ஓசைப் பகுதியை அந்த அளவுக்கு முன்னேயோ பின்னேயோ தள்ளிவைத்தால் தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகிக்கொண்டே போனால், தள்ளிவைத்துப் பயனில்லை. ஓரிடத்தில் பொருத்தினால் மற்றோரிடத்தில் பிசகும். பையன் மூன்று இரவு கண்விழித்து அப்படித்தான் வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

இதற்குக் காரணம் என்ன? காணொளி என்பது அடுத்தடுத்து எடுத்த நிழற்படங்களின் வரிசைதான். பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 30 படம் என்று கணக்கு. ஆனால் கைப்பேசி அந்தக் கணக்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ வேலைப்பளு கூடினாலோ சில விநாடிகளில் 30-க்குக் குறைவாக எடுத்துவிடும். ஓசையோ இடைவிடாமல் சீராகப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

செம்பனைக் கன்று நடும்போது மரத்துக்கு மரம் ஏறத்தாழ 30 அடி விட்டு நடுகிறோம். அப்படி நட்ட நிரையில் 100 மரத்தைக் கடந்தால் 3,000 அடி நடந்துவிட்டோம் என்று மரத்தை எண்ணியே தூரம் சொல்லிவிடலாம். மேட்டிலும் பள்ளத்திலும் இடம் கிடைத்தபடி நட்ட சிறு தோட்டத்தில் அந்தக் கணக்குச் செல்லுமா? ஓரிடத்தில் 30 அடி இருக்கும், இன்னோரிடத்தில் 40 அடி இருக்கும். மரத்தை எண்ணித் தூரம் சொல்பவன் அங்கே ஏமாந்துபோவான். தொகுப்பு மென்பொருள்கள் சில இப்படித்தான் ஏமாறுகின்றன. கைப்பேசி ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் குறித்துவைக்கிறது. இவை அந்தக் குறிப்பைப் பாராமல் படங்களை மட்டும் எண்ணி, விநாடிக்கு 30 என்று அடுக்கிவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நிமிடத்துக்கு 2,400 விநாடி. விநாடிக்கு 30 என்றால் 72,000 படம் இருக்க வேண்டும். அவற்றில் 60 படம் குறைந்தால், மொத்தத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 30, 30-ஆக அடுக்கும்போது படம் 2 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். பெரியவர் வாயை மூடிக்கொள்வார், குரல் 2 விநாடி கழித்து வரும். நம் பையன் மாலை வெளிச்சத்தில் தொடங்கி, இருட்டும்வரை எடுத்திருக்கிறான். இருட்ட இருட்ட விலகல் கூடியதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

இதற்கு மருந்து, ஏற்றத்தாழ்வான அந்த நிரையைச் சீரான நிரையாக மாற்றிவிட்டு, அதன் பிறகு தொகுப்பில் ஏற்றுவதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். அதில் காணொளியைத் திறந்து, 'வீடியோ' என்ற பகுதிக்குப் போங்கள். 'ஃபிரேம்ரேட்' என்ற இடத்தில் 30 என்று வையுங்கள். அதன் அருகிலேயே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. தரத்தைக் குறிக்கும் எண்ணை 18 அல்லது 20-இல் வைத்தால் படம் மங்காது. இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். பிறகு தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பழைய கணினியானால் இரண்டு கோப்பை ஆகும். படம் குறைந்த இடங்களில் முந்திய படத்தையே திரும்ப வைத்து, 30 கணக்கை நிரப்பி, ஒரு புதிய கோப்பை அது உண்டாக்கித் தரும். அசலைத் தொடாது.

ஷாட்கட் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. இப்படிப்பட்ட காணொளியைத் திறந்தால், தொகுப்பதற்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். அவசரப்பட்டு வேண்டாமென்று மூடிவிடாதீர்கள். உங்கள் காணொளி எந்த வகை என்று முன்கூட்டியே அறிய விரும்பினால், மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 'ஃபிரேம் ரேட் மோட்' என்பதற்கு எதிரே 'வேரியபிள்' என்றிருந்தால் ஏற்றத்தாழ்வான நிரை; 'கான்ஸ்டன்ட்' என்றிருந்தால் சீரானது.

இரண்டாவது, ஓசை வந்து படம் வராமல் கறுப்பாக இருப்பது. காணொளியை அப்படியே வைத்தால் கைப்பேசி ஒரு நாளில் நிரம்பிவிடும். அதனால் அதைச் சுருக்கி மடித்து வைக்கிறார்கள். நெடுங்காலமாகப் புழங்கிவரும் மடிப்பு முறை எச்.264 என்பது; 2003-இல் வந்தது. அதைவிட இறுக்கமான எச்.265 என்ற முறை 2013-இல் வந்தது, இதற்கு எச்.இ.வி.சி. என்றும் பெயர். ஐபோன்கள் 2017 முதல் இம்முறையைக் கையாள்கின்றன; ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இது உண்டு. ஐபோனில் 1080 தரத்தில் ஒரு நிமிடக் காணொளி, பழைய முறையில் ஏறத்தாழ 130 மெகாபைட் பிடித்தால், புதிய முறையில் 60 மெகாபைட்தான் பிடிக்கும். இடம் மிச்சம் உண்மைதான். ஆனால் இந்தப் புதிய மடிப்பைப் பிரிக்கத் தெரியாத கணினியும் மென்பொருளும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. சிலர் வைத்திருக்கும் விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் நிறுவனமே 2017 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. அதனிடம் இன்றைய காணொளியைக் கொடுத்துவிட்டுக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

இதற்கும் ஹேண்ட்பிரேக்கே போதும். 'வீடியோ என்கோடர்' என்ற இடத்தில் எச்.264 என்று வைத்து மாற்றிவிடுங்கள். இனி எடுக்கப்போகும் காணொளிக்கு, ஐபோனில் அமைப்புகளுக்குள் கேமரா, அதற்குள் 'ஃபார்மட்ஸ்', அதற்குள் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துக்கொள்ளலாம். மற்றக் கைப்பேசிகளில் கேமரா அமைப்புகளில் எச்.இ.வி.சி. என்றோ 'ஹை எஃபிஷியன்சி' என்றோ இருப்பதை அணைத்துவிடலாம்.

மூன்றாவது, படம் படுத்துக்கொள்வது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், அதன் உள்ளே இருக்கும் கண் பெரும்பாலும் படத்தைப் படுக்கையாகவே பதிகிறது. கூடவே, 'காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு' என்று ஒரு சிறு சீட்டையும் ஒட்டி அனுப்புகிறது. அந்தச் சீட்டைப் படிக்காத மென்பொருளில் படம் படுத்துவிடும். இது நோயே அல்ல. தொகுப்பு மென்பொருளில் 'ரொட்டேட்' என்பதைத் தேடி 90 பாகை திருப்பிவிடுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பல கைப்பேசிகளில் பதிவுப் பொத்தானை அழுத்தும் நொடியில் கைப்பேசி எப்படி இருந்ததோ, அதுவே முடிவுவரை நிலைத்துவிடும். ஆகவே, முதலில் சரியாகப் பிடித்து, அதன் பிறகு அழுத்துங்கள். தொலைக்காட்சியில் காட்டுவதற்கானால் கிடையாகவே பிடியுங்கள்.

தொகுக்கும்போது படம் விக்கி விக்கி ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். கணினியின் பலம் போதவில்லை, அவ்வளவுதான். ஷாட்கட்டிலும் டாவின்சி ரிசால்விலும் 'ப்ராக்சி' என்று ஒரு வசதி உண்டு. தொகுக்கும்வரை சிறிய நகல் ஒன்றை வைத்து வேலை செய்துவிட்டு, கடைசியில் அசலைக் கொண்டு முடித்துத் தரும். கோவில் விழாவுக்குப் பிள்ளைகள் சாதாரண உடையில் ஒத்திகை பார்த்து, விழாவன்று பட்டு உடுத்தி ஆடுவதில்லையா? அதுபோலத்தான்.

இனி, கைப்பேசியிலிருந்து கணினிக்குக் கொண்டுபோகும் வழியைப் பற்றி ஒரு சொல். புலனத்தில் காணொளியாக அனுப்பினால், அது பிழிந்து சிறிதாக்கிவிட்டுத்தான் மறுபக்கம் சேர்க்கும். அத்தை அனுப்பியது, மாமா திருப்பி அனுப்பியது என்று வந்தவற்றைத் தொகுத்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். புலனத்தில்தான் அனுப்ப முடியும் என்றால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அது பிழியாது. ஆனால் ஒரு கோப்பு 2 கிகாபைட்டுக்கு மேல் போகாது. பெரிய காணொளிக்குக் கம்பி மாட்டி நேராக ஏற்றுவதே நல்லது.

விரலியில் ஏற்றும்போதும் ஒரு சங்கடம் வரலாம். 32 கிகாபைட் விரலியில் பாதி இடம் காலியாக இருந்தும், 5 கிகாபைட் கோப்பை ஏற்றுக்கொள்ள மறுக்கும். அந்த விரலி ஃபாட்32 என்ற பழைய முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் இப்படி நேரும். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபாட் என்ற முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது விரலியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அன்று மாலை எங்கள் வேலை இரவு பதினொரு மணிவரை நீண்டது. புறப்படும்போது தகப்பனார் அசலின் பிரதி ஒன்றைத் தம் விரலியிலும், இன்னொன்றை என் கணினியிலும் வைத்துவிட்டுத்தான் போனார். கைப்பேசியில் இடம் வேண்டி, வேறு எதையெதையோ அழித்தார்கள்.

திதியன்று என்னையும் அழைத்திருந்தார்கள். படையல் முடிந்து, எல்லாரும் தாமான் வீட்டின் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாட்டி வர மறுத்து, சமையற்கட்டு வாசலிலேயே நின்றார். தாத்தா திரையில் பேசிக்கொண்டே வந்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் போனபின், பேச்சை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, "ஏம்புள்ள, அந்த வெள்ளம் எந்த வருசம் வந்துச்சு?" என்று கேட்டார். பதிவிலேயே பாட்டியின் பதில் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே, வாசலில் நின்றபடி பாட்டி, "எழுபத்தொண்ணுங்க. பொங்கலுக்கு முந்தி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் உள்ளே வந்து, பேரன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

அன்பர்களே, நம் பெற்றோரும் பாட்டன்மாரும் எழுதிவைத்தவர்கள் அல்லர். பேசி வைத்தவர்கள். அவர்கள் பேச்சைப் பிடித்து வைக்க இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவி இருக்கிறது. பிடித்ததைக் கெட்டுப்போனதென்று அவசரப்பட்டு எறிந்துவிடாமல், எந்தப் படியில் குறை என்று பார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

ஆசிரியன் என்பதால், வீட்டுப் பாடம் கொடுக்காமல் முடிக்க மனம் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். இடையில் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்காது. இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அசையாத ஒன்றின்மேல் சாய்த்து வைத்து, பத்து நிமிடம் பேசவிடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கேமராவுக்கு முன்னே கையைத் தட்டுங்கள். பின்னால் தொகுக்கும்போது, தட்டிய கையும் தட்டிய ஓசையும் இரண்டு இடத்திலும் சேர்ந்திருந்தால் எல்லாம் சரி. பிரிந்திருந்தால் என்ன செய்வதென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.